அரைமுகப் பயறு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் நலம். நீயும் உன் பெண்டாட்டியும் குட்டியும் நலமாக இருப்பதாக நானே வைத்துக்கொள்கிறேன். நீயாக எழுதப்போவதில்லை. என் இடது காது பழையபடி பூட்டிய கதவு. வலது காதும் இப்போது பாதி சாத்திக்கொண்டுவிட்டது. போனில் நீ பேசினால் ஈ பறக்கிற சத்தம்தான் வருகிறது. அதனால் சோம்பல்படாமல் பேனாவை எடு.

மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது. உன் பங்கு மூட்டைகளை அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு பை பயறும் இருக்கிறது.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நாற்காலியிலிருந்து விழுந்துவிடாதே. நேற்று ஒரு மண் புரோக்கர் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கைக்கு ஒரு போன். நம் மேட்டு வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாய்க்கா கீழ இருக்கு, வயலு மேல இருக்கு, அப்புறம் எப்படிம்மா தண்ணி ஏறும்? நாங்க மிஷின் வச்சு வெட்டிச் சமமாக்கித் தர்றோம். நீங்க ஒண்ணுமே தர வேணாம். வெட்டின மண்ண மட்டும் நாங்க எடுத்துக்குவோம்" என்றான். சும்மாவாம்! மழைக்காக வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்ட நமக்கு, வாய்க்கால் தண்ணீர் தானாக வயலுக்குள் வரும் என்கிறான்.

உன் அத்தான் தலையையும் ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. "உன் தம்பி செடிகொடி வேலையிலதானே இருக்கான், அவனக் கேளு" என்கிறார். மேட்டு வயலிலும் அதற்கு அடுத்த கீழ் வயலிலும் பாதி உன்னுடையது. இரண்டு வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிகிறது. யோசித்து எழுது.

உன் அக்கா

*

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் உன்னை மாதிரியே இருக்கிறாள்.

மூட்டைகள் வந்தன. பயறைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி அசந்துபோனாள். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. யாரோ உட்கார்ந்து பெயின்ட் அடித்த மாதிரி இருக்கிறதாம். "இதுக்குப் பேரு அரைமுகப் பயறு. எங்க வீட்ட விட்டா வேற எங்கயும் கிடையாது. கேட்டுப் பாருங்க, எங்க அக்கா உயிரையே கொடுத்தாலும் கொடுப்பா, இதுல ஒரு விதை தரமாட்டா" என்றேன். கோபித்துக்கொள்ளாதே, கருமியைக் கருமி என்றுதானே சொல்ல முடியும்.

வயல் விஷயத்தில் இதென்ன கேள்வி? சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல யோசிக்கும் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். உடனே சரி என்று சொல். மண் போனால் போகட்டும், நிலத்தில் மண்ணுக்கா பஞ்சம்? தோண்டத் தோண்ட மண்தான்.

பஞ்சமெல்லாம் எனக்குத்தான். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே பெரிய புல்தரை போடுகிறோம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு நான்தான் சூப்பர்வைசர். வருகிற மண்ணைப் பார்த்தால் நீ அழுதுவிடுவாய். செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, ஒரு தடவை அரைக் கதவே வந்தது. நட்ட புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிடுகிறது. என்ஜினீயர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாட்சைப் பார்க்கிறார்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

*

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஆனால் இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

பொக்லைன் வந்தது. அதன் சத்தம் என் காதுக்குக் கேட்கவில்லை, உள்ளங்காலில் கேட்டது. நாமெல்லாம் வருஷக்கணக்கில் மண்வெட்டியால் கிள்ளிக்கொண்டிருந்த மேட்டை, அது காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் வழித்து எடுத்துவிட்டது. நான் கரையில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வயல் இருந்த இடத்தில் வயல் இல்லை. என் இடுப்பளவு கீழே இறங்கிவிட்டது. மண்ணை ரோட்டுப் பள்ளம் நிரப்பக் கொண்டுபோகிறார்களாம்.

சாயங்காலம் உன் அத்தான் வாய்க்காலை வெட்டிவிட்டார். தண்ணீர் வந்தது தம்பி! கூப்பிட்ட நாய் மாதிரி ஓடிவந்தது. அந்த மனிதர் செருப்போடு உள்ளே குதித்தார். இந்த வயதில் அவர் குதித்து நீ பார்த்திருக்கமாட்டாய்.

புது மண் மட்டும் மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறது. வெயில் பட்டால் சரியாகிவிடும் என்று பொக்லைன் ஓட்டுகிறவன் சொன்னான். நாளை மக்காச்சோளமும் ஊடே பயறும் போடுகிறோம். வீட்டில் இருந்த பயறு விதை அத்தனையையும் எடுத்துவிட்டேன். தண்ணீர் இருக்கும்போது எதற்குக் கஞ்சத்தனம்?

குட்டிக்கு முத்தம்.

அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், ரொம்ப நலம். அத்தான் குதித்த கதையை வீட்டில் மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

இங்கேயும் ஒரு ஆச்சரியம் நடந்தது. போன வாரம் ஒரு லாரி மண் வந்தது. வழக்கமான குப்பைதான் என்று அலட்சியமாகத் தார்ப்பாயை விலக்கினேன், அப்படியே நின்றுவிட்டேன். கறுப்பு மண். அள்ளினால் பொலபொலவென்று உதிர்கிறது. தண்ணீர் தெளித்ததும் என்ன வாசனை! மண்புழு நெளிகிறது. யாரோ தலைமுறை தலைமுறையாக எருப் போட்டுச் சோறூட்டி வளர்த்த மண், பார்த்தாலே தெரிகிறது. எந்த மடையன் இதை விட்டுக்கொடுத்தானோ!

எங்கிருந்து என்று டிரைவரைக் கேட்டால், "புரோக்கர் யார்டுல ஏத்துறோம் சார், மேற்க இருந்து வருது" என்பதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை. நான் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டேன். "இதே எடத்து மண்ணுதான் வரணும். வேற மண்ணு வந்தா கேட்டைத் தொறக்க மாட்டேன்" என்றேன். என்ஜினீயரும் மோந்து பார்த்துவிட்டு சரி என்றார். சொல்லி வைத்தாற்போல லாரி லாரியாக வந்தது. பரப்பிய இடத்திலெல்லாம் புல் இப்போதே பச்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக என்ஜினீயர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பயிர் எப்படி முளைத்திருக்கிறது? எழுது.

தம்பி

*

மார்ச் 18

தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

கீழ் வயலையும் வெட்டிச் சமன் செய்தாகிவிட்டது. போன மாதமே அவர்களாகத் திரும்பி வந்தார்கள். தண்ணீருக்குக் குறைவில்லை.

அனுப்பிய சோளம் எவ்வளவு மீதம் இருக்கிறது? கொஞ்சம் பார்த்துச் செலவு செய்யச் சொல். பயறு இருந்தால் சமைத்துவிட வேண்டாம். ஒரு பிடியாவது எடுத்து வையுங்கள்.

உன் புல்தரை நன்றாக வரட்டும். குட்டிக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

அக்கா

*

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டி நலம். நீதான் நலமா என்று தெரியவில்லை. பயிரைப் பற்றிக் கேட்டால் தண்ணீரைப் பற்றி எழுதுகிறாய். உன் கடிதம் கவருக்கே போதவில்லை. காதுவலியா? அத்தானோடு சண்டையா?

சோளம் இருக்கிறது. பயறுதான் போன மாதமே தீர்ந்துவிட்டது. நீ இப்படிக் கேட்பாய் என்று தெரிந்திருந்தால் ஒளித்துவைத்திருப்பேன்.

இங்கே ஒரு வேடிக்கை. புல்தரை முழுக்க ஏதோ பயற்றங்கொடி முளைக்கிறது. மண்ணோடு விதையும் வந்திருக்க வேண்டும். பிடுங்கப் பிடுங்க வருகிறது. என்ஜினீயர் ஒவ்வொரு கொடியையும் என் சொந்தக்காரன் மாதிரி பார்த்து முறைக்கிறார். ஆட்களை விட்டுப் பிடுங்கி எறியச் சொல்லிவிட்டேன். பம்ப் அறைக்குப் பின்னால் ஒன்றை மட்டும் பிடுங்க மனசு வரவில்லை. இலையைப் பார்த்தால் தெரிந்த முகம் மாதிரி இருந்தது. கம்பி வேலியில் ஏற்றிவிட்டேன், ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தடவை பக்கம் நிரம்ப எழுது.

தம்பி

*

மே 2

அக்கா,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நீ பதில் எழுதாததற்குக் காரணம் இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

காலையில் பம்ப் அறைக்குப் பின்னால் போனேன். அந்தக் கொடியில் ஒரு காய் காய்ந்து தொங்கியது. விளையாட்டாக உரித்தேன். பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காவலாளி ஓடிவந்து, "சார், நெஞ்சு வலியா சார்?" என்று உலுக்குகிறார். உள்ளங்கையில் பயறை வைத்துக்கொண்டு முழித்தேன். நீ யாருக்கும் ஒரு விதை கொடுக்கமாட்டாய். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

புரோக்கர் மண் கொட்டி வைக்கிற யார்டுக்கு ஓடினேன். உங்கள் பக்கம் போய்வருகிற வேறொரு லாரி டிரைவர் இருந்தான். அவனைப் பிடித்துக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாய்க்கா ஓரமா ரெண்டு வயலு சார். மொதல்ல மேல் வயலு மட்டும்தான் எடுத்தோம். நீங்க அதே மண்ணு வேணும்னு அடம் பிடிச்சதும் அடுத்ததையும் எடுத்துட்டோம். அங்க ஒரு அம்மா இருப்பாங்க. நல்ல அம்மா. காதுதான் கேக்காது, கத்திக் கத்திப் பேசணும்."

அக்கா, அந்த மடையன் யார் என்று கேட்டிருந்தேனே. அவன் நான்தான். வெட்டச் சொன்னதும் நான், வாங்கினதும் நான், இன்னும் கொண்டுவா என்று கேட்டதும் நான்.

விதைத்தது என்ன ஆயிற்று? உண்மையைச் சொல். தண்ணீர் கதை வேண்டாம்.

தம்பி

*

மே 14

அன்புள்ள தம்பிக்கு,

கத்தாதே, கேட்கிறது. உன் கடிதம் ஒன்றுதான் எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கிறது.

உண்மையைத்தானே கேட்டாய். மேட்டு வயலை வெட்டிய மறுவாரமே புரோக்கர் வந்தான். "டவுன்ல ஒரு சூப்பர்வைசர் ஒங்க மண்ணுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்மா" என்று என் காதுக்குள் கத்தினான். அப்போதுதான் ரோட்டுப் பள்ளம் என்று சொன்னது பொய் என்று தெரிந்தது. ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. தண்ணீர் வந்த சந்தோஷம் வேறு. "அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும், எடுத்துக்கோ" என்று நானே கீழ் வயலைக் காட்டினேன். மண்ணெல்லாம் போன பிறகுதான் கறுப்பு மண்ணைப் பற்றிய உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். நம் மண் எங்கேயோ போகாமல் உன் கைக்கே வந்திருக்கிறதே என்று. பயிர் தலைகாட்டியதும் இரண்டையும் சேர்த்து எழுதி உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று காத்திருந்தேன்.

பயிர் தலைகாட்டியது. வெளுத்துப்போய், விரல் நீளத்தில். பிறகு இலை ஓரம் ஊதாவாகச் சுருண்டது. தண்ணீர் பாய்ச்சினால் மண் குடிக்கமாட்டேன் என்கிறது, தட்டில் ஊற்றியது போல மேலேயே நிற்கிறது. பயறு பூக்கவே இல்லை. விவசாய ஆபீஸ்காரர் வந்து கம்பியால் குத்திப் பார்த்தார். இறங்கவில்லை. "மேல்மண்ணத் தனியா ஒதுக்கி வச்சிட்டு, அடிமண்ண வெட்டி எடுத்திட்டு, அப்புறம் மேல்மண்ணத் திரும்பப் பரப்பியிருக்கணும்மா. நீங்க சோத்த எடுத்துக் கொடுத்திட்டு வெறுந்தட்ட வச்சிருக்கீங்க" என்றார். இதை ஒருவர்கூட முதலில் சொல்லவில்லையே தம்பி. எனக்கும் தோன்றவில்லையே. தினமும் தொட்டியில் மண் மாற்றுகிற உனக்கும் தோன்றவில்லையே.

போன வாரம் முதல்தடவையாகக் கடையில் மாவு வாங்கினேன். பாக்கெட்டில். எப்படிக் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர், "நீங்களா?" என்று கேட்டது கேட்காத காதிலும் விழுந்தது. உன் அத்தான் மில்லுக்கு மூட்டை தூக்கப் போகிறார். இந்த வயல் பழையபடி தேற எத்தனை வருஷமானாலும் ஆகும் என்கிறார்கள். அதுவரை உன் வீட்டுக்கு என்ன அனுப்புவேன் என்பதுதான் என் கவலை.

இன்னொன்று. வேலையிலிருந்து வந்ததும் உன் அத்தான் அந்த சூப்பர்வைசரைத் திட்டாமல் சாப்பிட உட்காருவதில்லை. அவன் குடும்பத்தையும் சேர்த்துத் திட்டுகிறார். யார் என்று நான் சொல்லவில்லை.

குட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மே 27

அக்கா,

இந்தத் தடவை மூட்டை இங்கிருந்து அங்கே வருகிறது. கடைச் சோளம்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் எடுத்துக்கொள்.

என்ஜினீயரிடம் போய் மண்ணைத் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "என்னப்பா சொல்ற, பூமியத் திருப்பிக் கேக்கறியா?" என்றார். அவர்மேல் தப்பில்லை. குழந்தைகள் அதில் புரண்டு விளையாடுகிறார்கள். எனக்கு மட்டும் அதில் கால் வைக்கக் கூசுகிறது. ஓரமாகச் சுற்றிப் போகிறேன். தோட்டத்து ஆட்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். வெட்டுகிற புல்லையும் உதிர்கிற இலையையும் இங்கே மூலையில் குவித்து எரிப்பார்கள். எரிக்க வேண்டாம், நான் அள்ளிக்கொள்கிறேன் என்றேன். உங்கள் பக்கம் காலியாகத் திரும்புகிற லாரிகளில் அதை ஏற்றிவிடுகிறேன். நம் மண்ணில் விளைந்ததுதான். வயலில் பரப்பி மட்கவிடு.

கொடியில் இருந்த காய் அத்தனையையும் பறித்துவிட்டேன். இந்தப் பார்சலில் இருக்கிறது. இனி எங்கே முளைத்தாலும் பிடுங்க விடமாட்டேன், கம்பு நட்டுக் கட்டுகிறேன்.

அத்தானிடம் நீ சொல்லாவிட்டால் நானே எழுதிவிடுகிறேன். அவர் திட்டுவதைத் தினமும் நீ தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

தம்பி

*

ஜூலை 16

அக்கா,

நலமா? உன் கடிதம் இல்லாமல் இரண்டு மாதம் போகிறது. புல் வருகிறதா? டிரைவரைக் கேட்டால், "அந்தம்மா எறக்கிக்கிறாங்க சார். ஒண்ணும் பேசல" என்கிறான். நான் விசாரித்ததாகச் சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னேன் சார், அவங்களுக்குக் கேக்கல" என்றான்.

உனக்கு நிஜமாகவே கேட்கவில்லையா, என் பெயரைச் சொன்னால் மட்டும் கேட்பதில்லையா? எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி

*

செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னோடு பேசத்தான் மனசு வரவில்லை. கோபமா என்றால் கோபம்தான், ஆனால் உன்னை மட்டும் குறிபார்த்து வரவில்லை. எடுத்துக்கோ என்று சொன்ன என் வாயையும் பார்க்கிறது. அதனால்தான் இவ்வளவு நாள்.

உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். என்னை வெறித்துப் பார்த்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் உன் புல் லாரி வந்தபோது நான் வெளியே போவதற்குள் மேலே ஏறி முதல் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சூப்பர்வைசர் என்ற வார்த்தையே வீட்டில் கிடையாது. உன்னைப் பற்றியும் இதுவரை ஒன்றும் பேசவில்லை. அதை நான் உனக்கு மறைக்கப்போவதில்லை.

புல்லைப் பரப்பி, அள்ளிக் கிடைத்த சாணியையெல்லாம் அதன்மேல் கொட்டி, மழை பிடிக்கட்டும் என்று விட்டோம். மூலையில் ஒரு துண்டு இடத்தில் மட்டும் நீ அனுப்பிய பயறை ஊன்றினேன். முளைத்திருக்கிறது. குட்டையாக, கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி நிற்கிறது. ஆனால் இலை பச்சை தம்பி. நேற்று அங்கே தோண்டிப் பார்த்தபோது ஒரே ஒரு மண்புழு இருந்தது. நான் போட்ட கூச்சலில் உன் அத்தான் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தார்.

வீட்டுக்குச் சோளம் இந்த வருஷமும் வாங்கித்தான் ஆக வேண்டும். அடுத்த வருஷமும் அப்படித்தான். அதை நினைத்தால் இன்னும் பகீர் என்கிறது.

ஊன்றியது போக மிஞ்சிய பயறில் ஒரு பிடியை அடுத்த வயல்காரிக்கும் இன்னொரு பிடியை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரிக்கும் கொடுத்துவிட்டேன். கருமி என்று இனி நீ எதிர்வீட்டில் சொல்ல முடியாது. என் பானையில் இல்லாமல் போனால் அவர்கள் பானையிலாவது இருக்கட்டும்.

போன லாரியில் புல்லோடு ஒரு குழந்தைச் செருப்பு வந்தது. ஒற்றைச் செருப்பு, சிவப்பு, என் கையளவுகூட இல்லை. கூடையிலிருந்து விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கேயோ ஒரு குழந்தை நம் வயலில் ஓடிக்கொண்டிருக்கிறது, அது யார் வயல் என்று அதற்குத் தெரியாது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொலைத்ததற்காக வீட்டில் அடி வாங்கியிருக்குமோ என்றுதான் கவலையாக இருந்தது.

கழுவிக் காயவைத்து மாடத்தில் வைத்திருக்கிறேன். லாரிக்காரனிடம் கொடுத்தனுப்பமாட்டேன், தொலைத்துவிடுவான். நீயே வந்து வாங்கிக்கொண்டு போய் அந்தக் குழந்தையிடம் கொடு.

வரும்போது மண்வெட்டி கொண்டுவா. இங்கே இருப்பது ஒன்றுதான், அது உன் அத்தான் கையில் இருக்கும்.

அக்கா